முன்னால் போட்ட பூச்சியம்

ஜூன் 10, திங்கள்

மாடிக்குத் தண்ணீர் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் தன் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை அணைத்துவிடுகிறார் என்பது என் எண்ணம். கேட்டால் கரண்ட் போய்விட்டது என்கிறார். அவர் வீட்டு டிவி மட்டும் எப்படி ஓடிக்கொண்டிருந்தது?

அலுவலகத்துக்குப் போனதும் போகாததுமாகக் களேபரம். பல்லடம் தாண்டி இருக்கும் வெண்சிறகு குஞ்சு பொரிப்பகத்தில் ஒரு மெஷின் முழுக்க அடைக்கு வைத்த முட்டைகள் வீணாகிவிட்டன. ஐம்பதாயிரத்துக்கு மேல். மெஷினின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி எங்கள் கம்பெனி செய்தது. முதலாளி ஈஸ்வரமூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டார்.

“பெட்டி நல்லாத்தான் ஓடுதுன்னு அவங்களே சொல்றாங்க. முப்பத்தேழு புள்ளி ஏழு டிகிரி இருக்கோணும். யாரோ இருபத்தஞ்சரைக்கு மாத்தி வெச்சுட்டாங்களாம். நீங்க போயி ஒருக்காப் பாத்துட்டு, நம்ம மேல தப்பில்லைன்னு ஒரு ரிப்போர்ட் குடுத்துருங்க குமுதா.”

தப்பில்லை என்பது முன்பே தெரியுமென்றால் எதற்காகப் போய்ப் பார்ப்பது? கேட்கவில்லை.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது, பெட்டிக்குப் புரோகிராம் எழுதும் அருமைநாயகம் எழுந்து வெளியே போனார். அவருக்குப் போன் எதுவும் வந்த மாதிரித் தெரியவில்லை. சாம்பல் நிறச் சட்டை.

ஜூன் 11, செவ்வாய்

பொரிப்பகம் போய் வந்தேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, மருந்துத் தண்ணீரில் காலை நனைக்க வைத்துத்தான் உள்ளே விட்டார்கள். மேனேஜர் சென்னியப்பன் நான் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அப்படிப் பேசுகிறவர்களை நான் உடனே நம்புவதில்லை. ஆனால் அவர் காட்டியது எங்கள் சொந்தப் பெட்டி. யார் எப்போது எந்த அளவை மாற்றினாலும் அது தனக்குள் பதிந்துகொள்ளும். பார்த்தேன். விசிறி பெல்ட் மாற்றிய பிறகு அளவு புதிதாக வைக்கப்பட்டிருக்கிறது. 25.5. வைத்தவர் அந்த ஷிப்டில் இருந்த மயிலாத்தாள்.

அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார்கள். வைத்த அளவிலிருந்து விலகினால்தான் அலாரம். வைத்ததே 25.5 என்றால் மெஷினைப் பொறுத்தவரை எல்லாம் சௌக்கியம். முட்டைகள் உள்ளே மெதுவாக ஆறியிருக்கின்றன. அடுத்த ஷிப்டு ஆள் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்திருக்கிறது.

மயிலாத்தாளை ஆபீஸ் அறைக்கு வரச் சொன்னார் சென்னியப்பன். ஐம்பதை நெருங்கும் வயது. நீலக் கோட்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நான் முப்பத்தேழு புள்ளி ஏழுதானுங்க வெச்சேன். கண்ணுல பாத்துத்தான் ஓகே அமுக்குனேன்.”

“பெட்டில வேற மாதிரி இருக்குதேக்கா.”

“பெட்டில என்ன இருக்குதுன்னு எனக்கென்னங்க தெரியும்? நான் வெச்சதைச் சொல்றேன்.”

“முந்தின வாரம் லீவு விஷயமா மேனேஜர்கூடச் சண்டையாமே?”

சென்னியப்பன் குறுக்கிட்டார்: “இவ தங்கச்சி வூட்டுக்காரரு எங்கே வேலை செய்யறாருன்னும் கேளுங்க மேடம். எங்களுக்குப் போட்டி பொரிப்பகத்துல!”

திரும்பும் வழியில் பஸ்ஸில் ரிப்போர்ட்டை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். பெட்டி பொய் சொல்லாது. அதற்குச் சண்டையும் கிடையாது, தங்கை வீட்டுக்காரரும் கிடையாது.

ஜூன் 12, புதன்

ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். சார் ஒரே வாசிப்பில் கையெழுத்துப் போட்டார். அதை வைத்துச் சென்னியப்பன் போலீசில் புகார் கொடுக்கப் போகிறாராம், வேண்டுமென்றே செய்த நாசவேலை என்று.

மதியம் அருமைநாயகம் என் மேஜைக்கு வந்தார். தானாக வருகிற ஆள் இல்லை. தூத்துக்குடிக்காரர், எங்கள் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். மனைவி இல்லை, எப்போதோ தவறிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

“மேடம், அந்தம்மா என்ன டைப் பண்ணுனாங்கன்னு கேட்டீயளா?”

“37.7னு சொன்னாங்க.”

“அது சரி. விரலால எந்தெந்த பட்டனை அமுக்குனாங்கன்னு கேட்டீயளா?”

“இரண்டும் ஒன்றுதானே.”

“ஒண்ணுதானா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இந்தக் கேள்விக்கு என்ன அவசியம்? முடிந்துபோன ரிப்போர்ட்டில் இவருக்கு என்ன அக்கறை?

ஜூன் 13, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. எடை போட்டுக் காட்டச் சொன்னேன். தராசு வண்டியில் இல்லையாம்.

ஜூன் 14, வெள்ளி

சந்தேகம் வந்தால் உறுதி செய்துகொள்ள வேண்டும். அருமைநாயகம் மே மாதம் பெட்டியின் புரோகிராமில் எழுதிய மாற்றங்களை எடுத்துப் படித்தேன். இனிமேல் எதுவும் மறந்துபோகாமல் இருக்க இங்கேயே எழுதி வைக்கிறேன்.

பட்டனில் 377 என்று அமுக்கினால் புரோகிராமுக்கு வருவது எண் அல்ல. மூன்று, ஏழு, ஏழு என்ற மூன்று எழுத்துகள். அவற்றை எண்ணாக மாற்றித்தான் கணக்குப் போட முடியும். 377 என்றால் 37.7 டிகிரி, புள்ளியைத் திரையே போட்டுக்கொள்ளும். பழைய புரோகிராமில் atoi என்ற வழி இருந்தது. அது முகஸ்துதிக்காரனைப் போல. எதைக் கொடுத்தாலும் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். குப்பையைக் கொடுத்தால் பூச்சியம் என்று சொல்லும். உண்மையிலேயே பூச்சியமா, புரியாததால் பூச்சியமா என்று சொல்லாது. பெரிய எண்ணைக் கொடுத்தால் என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. அதை எடுத்துவிட வேண்டும் என்று நானே பல தடவை கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

அருமைநாயகம் எடுத்திருக்கிறார். அந்த இடத்தில் strtol போட்டிருக்கிறார். அது எந்த எழுத்து வரை படித்தது என்று காட்டிக்கொடுக்கும். எண்ணுக்குப் பின்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் இவர் மறுத்துவிடுகிறார். எழுத்தே இல்லாமல் வந்தாலும் மறுப்பு. எல்லை தாண்டினாலும் மறுப்பு. படிப்பதற்கு முன் பிழைக்குறியைத் துடைத்துவிட்டுப் பிறகு சோதிக்கிறார். இருபது டிகிரிக்குக் கீழே, நாற்பதுக்கு மேலே எதையும் ஏற்பதில்லை. எங்கள் ஆபீசில் இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு தரம் படித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூன் 15, சனி

கிடைத்தது. ஆனால் புரோகிராமில் அல்ல.

சாப்பாட்டு நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். தூணுக்குப் பின்னால் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் நின்றது அவருக்குத் தெரியாது.

“இல்லக்கா, பயப்படாதீய. நீங்க என்ன அமுக்குனீயளோ அதை மட்டும் ஒண்ணொண்ணா சொல்லுங்க... ஆங்... அதுக்கு முன்னாடி?... ஈரப்பதம் வைக்கும்போது பீப் அடிச்சுதா? அப்புறம் எப்படிப் போச்சு?... அக்கா, இதைப் போலீசுல யாருகிட்டயும் இப்ப சொல்லாதீய. நான் முதல்ல பாத்துக்கிடுதேன்.”

மயிலாத்தாள்! குற்றம் சாட்டப்பட்ட பெண்ணுக்கு என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று எங்கள் ஆளே பாடம் எடுக்கிறார். வாடிக்கையாளரிடம் பேசக் கூடாது என்று சார் போட்ட உத்தரவு அவருக்கும் தெரியும்.

ஒரு பெண்ணிடம் இவ்வளவு மெதுவாகப் பேசத் தெரிந்தவர் என்பதும் எனக்கு இன்றுதான் தெரியும். ஒரு வருடமாக என்னிடம் ‘மேடம்’ என்பதைத் தாண்டி நாலு வார்த்தை பேசியதில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை.

ஜூன் 17, திங்கள்

அருமைநாயகத்தின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லையாம். மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் பக்கம் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இட்லி மாவு புளித்துவிட்டது. கடையில் பழைய மாவைக் கலக்கிறார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

சாயந்திரம் ஆபீஸ் எதிரே டீக்கடையில் நின்றிருந்தார். எனக்காகத்தான்.

“மேடம், ஒரே ஒரு உதவி. உள்ள சோதனைப் பெட்டி இருக்குல்லா? அதுல 377ன்னு போடாம, முன்னால ஒரு பூச்சியம் சேத்து 0377ன்னு போட்டுப் பாருங்க. என்ன வருதுன்னு பாத்துட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“எதற்கு?”

“நான் சொன்னா நம்ப மாட்டீய. நீங்களே பாருங்க.”

நம்ப மாட்டேன் என்பது சரிதான். என்னைத் தொட வைத்து எதையாவது அழிக்கப் பார்க்கிறாரோ? எதுவும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். முன்னால் பூச்சியம் போட்டால் மதிப்பு மாறாது. மூன்றாம் வகுப்புப் பாடம்.

ஜூன் 19, புதன்

பெட்டியில் உள்ளதையெல்லாம் முதலில் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு 377. திரையில் 37.7. உள்ளே பதிவானதும் 37.7.

பிறகு 0377.

அமுக்கும்போது திரையில் 37.7 என்றுதான் தெரிந்தது. ஓகே கொடுத்தேன். உள்ளே 25.5.

மறுபடி போட்டேன். 25.5. பெட்டியை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, மறுபடி மாட்டிப் போட்டேன். 25.5.

strtol-க்கு மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும். எந்த எழுத்துகளைப் படிக்க வேண்டும், எங்கே நின்றது என்று எங்கே குறிக்க வேண்டும், எந்த எண் முறையில் படிக்க வேண்டும். பத்து என்று போட்டால் நாம் எல்லோரும் எண்ணுகிற முறை. அந்த இடத்தில் அருமைநாயகம் 0 போட்டிருக்கிறார். அதற்கு ‘நீயே பார்த்து ஊகித்துக்கொள்’ என்று அர்த்தம். முன்னால் பூச்சியம் இருந்தால் அது எட்டடிமான எண், அதாவது பத்துக்குப் பதில் எட்டு எட்டாக எண்ணியது, என்று ஊகித்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 377 என்றால் மூன்று அறுபத்துநாலு, ஏழு எட்டு, ஏழு ஒன்று. கூட்டினால் 255.

இருபதுக்கு மேல், நாற்பதுக்குக் கீழ். எல்லாக் காவலையும் தாண்டி உள்ளே போய்விட்டது.

ஈரப்பதம் ஏன் பீப் அடித்தது என்றும் புரிந்தது. 0580 என்று போட்டிருப்பார். எட்டடிமானத்தில் எட்டு என்ற இலக்கமே கிடையாது. ஐந்தோடு நின்றுவிட்டது, மிச்சம் இருக்கிறது என்று மறுத்திருக்கிறது. பூச்சியம் இல்லாமல் போட்டதும் ஏற்றிருக்கிறது.

அந்தம்மா 37.7தான் வைத்தார். பெட்டிதான் வேறு மாதிரி கேட்டுக்கொண்டது.

அந்தப் பூச்சியத்தை நான் வெள்ளிக்கிழமை இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

சாரிடம் காட்டினேன். அவரும் தன் விரலால் அமுக்கிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“எத்தனை பேரு முன்னால பூச்சியம் போடுவாங்க?”

“பழைய மெஷினில் நாலு கட்டத்தையும் நிரப்பினால்தான் ஏற்கும் சார். அதில் பழகியவர்கள் எல்லோரும் போடுவார்கள்.”

“சரி. அடுத்த வெர்ஷன்ல பத்துன்னு மாத்தி, சத்தமில்லாம எல்லாப் பெட்டிக்கும் ஏத்திருங்க.”

“அந்தம்மா சார்? தினமும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி உட்கார வைக்கிறார்களாம்.”

“அது அவங்க ஊரு விவகாரம். நாம போய் வாயத் தொறந்தா நாளைக்கு அத்தனை பொரிப்பகமும் நம்ம பெட்டியக் கழட்டி வீசிருவான். எழுதுனவன் ஒருத்தன், மாட்டிக்கப் போறது முப்பது குடும்பம். யோசிங்க குமுதா.”

யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த ரிப்போர்ட்டில் இருப்பது என் கையெழுத்து. பெட்டி சரியாக இருக்கிறது என்று சொன்னது நான். அதைத்தான் போலீசில் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 21, வெள்ளி

அருமைநாயகத்துக்குப் போன் செய்தேன். “25.5” என்றேன்.

“இன்னொரு கருவிக்கு எழுதுனதைக் கொண்டாந்து போட்டுட்டேன் மேடம். அதுல ஊகிக்கணும்னு வச்சிருந்தேன். இதுல மாத்த மறந்துட்டேன். உறுதியாத் தெரியாம வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் அந்தக்காகிட்ட முதல்ல கேட்டேன்.”

“என்னிடம் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத்தான் வந்தேன். ‘இரண்டும் ஒன்றுதானே’ன்னுட்டீய.”

ஜூன் 22, சனி

சோதனைப் பெட்டியைத் துணிப்பையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் செக்யூரிட்டி, “பையில என்னங்க மேடம்?” என்றார். இத்தனை வருடத்தில் என்னைக் கேட்டதே இல்லை.

“சோதனைப் பெட்டி. பல்லடத்துக்குக் கொண்டு போறேன்.”

“சார்கிட்டச் சொல்லிட்டீங்களா?”

“திங்கட்கிழமை சொல்லிக்கிறேன்.”

என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் எல்லோரையும் பார்க்கிற பார்வை. விட்டுவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் அருமைநாயகம் காத்திருந்தார். ஸ்டேஷனில் மயிலாத்தாள் சுவர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சென்னியப்பனையும் வரச் சொல்லியிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண், என்னைவிடச் சின்னவர்.

பெட்டியை மேஜையில் வைத்து ஒயரை மாட்டினேன். எட்டடிமானம், strtol எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் எனக்குப் புரியாது. நான் என்ன அமுக்கணும்?”

“முதல்ல மூணு, ஏழு, ஏழு. அப்புறம் பூச்சியம், மூணு, ஏழு, ஏழு.”

அமுக்கினார். பார்த்தார். உள்ளே பதிவான எண்ணைத் திறந்து காட்டினேன். மறுபடி அமுக்கினார்.

“மேனேஜர், நீங்க வாங்க. நீங்க அமுக்குங்க.”

சென்னியப்பன் எழுந்து வந்தார். கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அமுக்கினார். 25.5.

“இதை எழுதுனது யாரு?” என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

“நான்தான்” என்றார் அருமைநாயகம்.

“சரியா இருக்குதுன்னு ரிப்போர்ட் குடுத்தது?”

“நான்” என்றேன்.

வாக்குமூலம் எழுதிக் கொடுத்தோம். சென்னியப்பன் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். மயிலாத்தாளிடம் போய், “நீ நாளைல இருந்து வேலைக்கு வந்துரு” என்றார்.

“வரனுங்க” என்றார் மயிலாத்தாள். “எல்லாரு முன்னாலயும் வெச்சு என்னைய நாசக்காரின்னு சொன்னீங்க. அதே மாதிரி எல்லாரு முன்னாலயும் வெச்சு, நான் இல்லைன்னு சொல்லுங்க. அப்ப வரேன்.”

அவர் தலையை ஆட்டினார். சொல்வாரா என்று தெரியாது.

வெளியே வந்ததும் மயிலாத்தாள் அருமைநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கு அத்தனை கேள்வி கேட்டீங்களே அம்மிணி. நான் சொன்னதுல ஒண்ணையாச்சும் கேட்டீங்களா?”

“இல்லக்கா” என்றேன். அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் அருமைநாயகத்தின் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. நான் முன்னால் போய்ப் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன்.

இறங்கும்போது அவர் சொன்னார்: “எம்மேல சந்தேகம் வந்ததுல தப்பே இல்ல மேடம். எனக்கே எம்மேல வந்துச்சே. சார்கிட்ட சொல்லுததுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே.

ஜூன் 24, திங்கள்

சார் அறையில் கத்தியது தெரு வரை கேட்டிருக்கும். எனக்கு மெமோ. வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் இதைத் திருத்த ஆள் இல்லை என்பது காரணமாக இருக்கும். அருமைநாயகம் தானே ராஜினாமா எழுதி அனுப்பிவிட்டார்.

எல்லாப் பொரிப்பகங்களுக்கும் தகவல் போயிற்று. போலீசில் எழுதிக் கொடுத்த பிறகு மறைக்க வழி இல்லை.

ஜூன் 27, வியாழன்

பத்து என்று மாற்றியாயிற்று. வைத்த அளவு அடைமுட்டைக்கு ஆகாதது என்றால் ஓகே கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை கேட்கும்படியும், உள்ளே போன எண்ணையே திரையில் காட்டும்படியும் செய்தேன். அமுக்கிய எழுத்தைக் காட்டுவதில்லை இனிமேல்.

மதியம் ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு பொரிப்பகக்காரர் கூப்பிட்டார். தகவலைப் படித்தாராம்.

“ஏனுங்க, எங்க பக்கமும் போன மாசம் இதே மாதிரி ஒரு மெஷின் ஆறிப்போச்சு. ஒரு பையனை அடிச்சுத் தொரத்திட்டமுங்களே.”

“அவர் இப்போது எங்கே?”

“தெரியலீங்க. வடக்க எங்கியோ போயிட்டான்.”

“தேடுங்கள்” என்றேன். பையனின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 29, சனி

கீழ்வீட்டுக்காரரிடம் மோட்டாரைப் பற்றிக் கேட்டேன். சண்டையாக இல்லாமல், சும்மா. மாடிக்குப் போகும் குழாய் வால்வு பழுதாம். அவரும் ஆளுக்குச் சொல்லியிருக்கிறாராம். போய்ப் பார்த்தேன். பழுதுதான்.

ஜூலை 2, செவ்வாய்

மயிலாத்தாள் வேலைக்குப் போகவில்லை. சென்னியப்பன் நாலு பேரைக் கூப்பிட்டு வைத்து, ‘மெஷின் தப்பாம், சரி போங்க’ என்றாராம். அது போதாது என்றுவிட்டாராம். தங்கை வீட்டுக்காரர் வேலை செய்யும் பொரிப்பகத்தில் சேர்ந்துவிட்டார். அங்கேயும் எங்கள் பெட்டிதான்.

ஜூலை 5, வெள்ளி

சாயந்திரம் அருமைநாயகத்தின் எண்ணைத் தேடி எடுத்தேன். வைத்துவிட்டேன். துணிகளை மடித்தேன். மறுபடி எடுத்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் கடல் சத்தமா, வண்டிச் சத்தமா, தெரியவில்லை.

“சொல்லுங்க மேடம். புரோகிராமுல ஏதாவது சந்தேகமா?”

“இல்லை. சந்தேகம் எதுவும் இல்லை” என்றேன். “சும்மாதான் கூப்பிட்டேன்.”